வெந்நீர் வாங்கப் போன நேரம்

போன வாரம் செல்வி போன் செய்தாள். ராஜபாளையத்தில் நான் முப்பத்துமூன்று வருஷம் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் இப்போது அவசரப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். குரலே சரியில்லை.

"அக்கா, இன்னிக்கு ஒரு ஆளோட மாமியா என்னைய அடிக்க வந்துட்டாக."

விஷயம் இதுதான். நெஞ்சுவலி என்று ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அப்படி வருகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இப்போதெல்லாம் கணினியில் வரிசையாக வந்து நிற்கின்றன. பீடி, சிகரெட் உண்டா, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று போய், ஏழாவதாக, ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை ஏதும் கடந்த இரண்டு நாளில் சாப்பிட்டாரா என்று வரும். பதில் போடாமல் அடுத்த பக்கம் திறக்காது. செல்வி ஆறாவது கேள்வியைக் கேட்ட அதே குரலில் ஏழாவதையும் கேட்டுவிட்டாள். கட்டிலைச் சுற்றி மனைவி, மாமியார், மச்சினன் எல்லாரும் நிற்கிறார்கள். அந்த மனுஷன் இல்லை என்று தலையாட்டினார். மாமியார் செருப்பைக் கழற்றினார்.

"அவரு இல்லன்னது நெசமா பொய்யான்னே எனக்குத் தெரியலக்கா. டாக்டர் நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையக் குடுக்கச் சொல்லிட்டாரு. குடுத்துட்டு அரை மணி நேரம் பிரஷர் மிஷினையே பாத்துட்டு நின்னேன். நீங்கள்லாம் எப்படிக்கா கேப்பீக?"

போனில் சொல்லக்கூடிய காரியமாக அது எனக்குத் தோன்றவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அந்தக் கேள்வியை நான் நூற்றுக்கணக்கான ஆண்களிடம் கேட்டிருக்கிறேன். கேட்டே தீர வேண்டிய ஒருவரிடம் மட்டும் கேட்கவில்லை. அவர் என் வீட்டுக்காரர். எழுதுவதென்றால் அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும், பாதியை மறைத்துவிட்டுப் பாதியைச் சொல்ல எனக்கு வராது.

மதுரையில் மூன்று வருஷம் படித்தேன், இரண்டு இடத்தில் வேலை பார்த்தேன், கல்யாணம் ஆனது, ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் பெயர் குருசாமி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். ஆக இரண்டு பேருக்கும் குடியிருப்பு ஓர் ஊர், பிழைப்பு பக்கத்து ஊர். ஷிப்ட் ஒத்துவந்த நாட்களில் ஒரே பஸ்ஸில் போவோம். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடிப்பார். திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். "ஆளுக பாக்குதாக, எந்திரிங்க" என்று இடித்தால், "பாத்தா பாக்கட்டும், எம் பொண்டாட்டி தோளு" என்று கண்ணைத் திறக்காமலே சொல்வார். எனக்குக் கோபம் வரும். வந்ததாகக் காட்டிக்கொள்வேன். முதுகு ஒட்டிய அந்த நீல ரெக்சின் சீட்டுகள் இப்போதும் கண்ணில் நிற்கின்றன.

எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் என்று ஒருவர் இருந்தார். இதய நோய் பார்ப்பவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜபாளையத்துக்காரர். யாராவது பதறினால் "நெம்மதிகா, நெம்மதிகா" என்பார். மெதுவாக என்று அர்த்தம். ஆளும் அப்படித்தான். நடப்பது மெதுவாக, பேசுவது மெதுவாக. ஊசி எங்கே என்று நாம் தேடிக்கொண்டிருக்கும்போது நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஊரில் மழை பெய்ததா என்று விசாரித்துக்கொண்டிருப்பார். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். அந்த விசாரிப்பில்தான் அவர் பாதி நோயைக் கண்டுபிடிக்கிறார் என்று புரிய இரண்டு வருஷம் ஆனது.

எங்களுக்கு அந்தக் கேள்வி பிறந்தது ஒரு மகாராஜபுரத்துக்காரரால். அறுபது வயது இருக்கும், தென்னந்தோப்பு விவசாயி. நெஞ்சு இறுக்குகிறது என்று மனைவியோடு வந்தார். அப்போதெல்லாம் நெஞ்சுவலி என்று வந்தால் நாக்குக்கு அடியில் ஒரு சின்ன மாத்திரை வைப்பது பல் விளக்குகிற மாதிரி எங்களுக்குப் பழக்கம். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயை அது தளர்த்திவிடும், வலி இறங்கும். நான்தான் வைத்தேன். பத்து நிமிஷத்தில் வலி இறங்கவில்லை, பிரஷர்தான் இறங்கியது. நூற்றைம்பதில் இருந்தது அறுபதுக்கு வந்துவிட்டது. வேர்த்துக் கொட்டி, கண் சொருகி, கூப்பிட்டால் பதில் இல்லை. காலைத் தூக்கிவைத்து, இரண்டு கையிலும் சலைன் ஏற்றி, ஒரு மணி நேரம் போராடி மீட்டோம். வெளியே அந்த அம்மா, "அவிய காலைல கஞ்சி குடிச்சிட்டு நல்லாத்தான இருந்தாவ, என்னத்தக் குடுத்தீய" என்று சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தார்.

வேட்டியை மாற்றும்போது மடிப்பிலிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. நாலில் ஒன்று காலி. டாக்டர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் காலை அந்தப் பெரியவர் எழுந்து உட்கார்ந்த பிறகு, நாற்காலியை இழுத்துப் போட்டு, "மழை பேஞ்சுதா அங்க?" என்று ஆரம்பித்தார். கடைசியில்தான் அட்டையைக் காட்டினார்.

"இது எங்க வாங்குனது?"

பெரியவர் கூரையைப் பார்த்தார். "இங்கதான். ராஜபாளையத்துல."

"வத்ராப்புல கெடைக்காதா?"

"அங்க கடைக்காரன் எம் மாமன் மகன்லா."

"வில்லிபுத்தூர்ல?"

"அங்க சம்பந்தகாரக இருக்காக."

டாக்டர் சிரிக்கவில்லை. நான்தான் திரும்பி நின்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அன்று மதியம் எதிரே இருந்த மருந்துக் கடைக்காரரிடம் டாக்டர் விசாரித்தார். அவர் சொன்னதிலிருந்துதான் எங்களுக்கு அந்த வழக்கமே தெரியவந்தது. "இந்த மாத்திரைக்கு உள்ளூர் ஆளு ஒருத்தன் வர மாட்டான் சார். பஸ் ஸ்டாண்டுல இருந்து வாரான், வாங்குதான், பஸ் ஸ்டாண்டுக்கே போறான். நம்மூர்க்காரன் பூரா வில்லிபுத்தூர்ல போய் வாங்குதான், வில்லிபுத்தூர்க்காரன் பூரா இங்க வாரான்." அதாவது ஊர் மாற்றி வாங்குவது. அரை மணி நேர பஸ் பயணம். இரண்டு ஊர் ஆண்களும் யாரும் யாருக்கும் சொல்லாமல் வகுத்துக்கொண்ட ஏற்பாடு.

அன்றைக்குத்தான் டாக்டர் ஒரு ஈ.சி.ஜி. தாளின் பின்பக்கம் படம் போட்டு எனக்கும் இன்னும் இரண்டு நர்ஸ்களுக்கும் விளக்கினார். கல்யாணம் ஆகாத பிள்ளை ஒருத்தி தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தல நிமுந்து பாரும்மா, இது நெஞ்சுப் பாடம்தான்" என்றார்.

கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, மடை சாத்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் யாராவது சத்தம் கொடுக்க வேண்டும், மடை திறக்க வேண்டும். ஆணின் உறுப்பிலும் அதுதான் கதை. மனதில் ஆசை வந்ததும் அங்கே உள்ள நரம்பு நுனிகளும் ரத்தக் குழாயின் உள்தோலும் நைட்ரிக் ஆக்ஸைடு என்று ஒரு வாயுவை விடுகின்றன. அதுதான் சத்தம். சில நொடிதான் அதற்கு ஆயுசு. அதற்குள் பக்கத்துத் தசையிடம் தளர்ந்துகொள் என்று சொல்லிவிடும். தசை தளர்ந்தால் குழாய் விரியும், ரத்தம் வந்து நிறையும். மடையை மறுபடி சாத்துவதற்கும் உடம்புக்குள் ஒரு வேலைக்காரன் இருக்கிறான். இந்த மாத்திரை அவன் கையைக் கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான். நாம் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையோ அதே வாயுவை உடம்பு முழுக்க ஊற்றுகிறது. சாத்துகிறவன் கையும் கட்டியிருக்கிறது, எல்லா மடைக்கும் சத்தமும் கொடுத்தாயிற்று. பிரஷர் எங்கே நிற்கும்?

"ரெண்டு விஷயம் மறக்காதீங்க சிஸ்டர்" என்றார் என்னைப் பார்த்து. "ஒண்ணு, மாத்திரை ஆசையக் குடுக்காது. சத்தம் குடுக்க ஆளே இல்லன்னா, மடை திறக்கவே திறக்காது. ஆசை இருக்கிறவனுக்குத்தான் அது வேலை செய்யும். ரெண்டாவது, அந்த எடத்துக் குழாய் சின்னது, நெஞ்சுக் குழாய் அதைவிடப் பெருசு. உள்தோல் கெட்டுப்போனா மொதல்ல சின்னதுதான் சொல்லும். மூணு வருஷம், நாலு வருஷம் முன்னாடியே சொல்லிரும். அதனால எவனாவது இந்தக் கொறைன்னு வந்தா, அவன் கெட்டவனும் இல்ல, கெழவனும் இல்ல. ஒடனே ஒரு ஈ.சி.ஜி. எடுங்க."

எழுதி வைத்துக்கொண்டேன். பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு முறை ஒன்று ஏற்பட்டது. செல்வி, நீ கேட்டது இதைத்தான். டாக்டர் யாரையும் "வெளிய போங்க" என்று சொல்ல மாட்டார். சொன்னால் கூட வந்தவர்கள் பயப்படுவார்கள், நோயாளி அதைவிடப் பயப்படுவான். மனைவியைப் பார்த்து, "அம்மா, எதுத்தாப்ல டீக்கடைல ஒரு தம்ளர் வெந்நி வாங்கிட்டு வாங்க, சீக்கிரம்" என்பார். கணவனுக்காக ஓடுகிற காரியம் என்றால் எந்தப் பெண்ணும் ஏன் என்று கேட்க மாட்டாள். மற்றவர்களைப் பெயர் பதிந்து சீட்டுப் போட அனுப்புவார். திரை இழுக்கப்படும். வெந்நீர் வருவதற்கு இரண்டு மூன்று நிமிஷம். அந்த நேரத்துக்குள் கேட்டுவிட வேண்டும். கேட்பதிலும் கெட்ட வார்த்தை, நல்ல வார்த்தை எதுவும் கிடையாது. ராஜபாளையத்து ஆள் என்றால், "நேத்து இன்னிக்கு வில்லிபுத்தூர்ல ஏதும் மாத்திரை வாங்குனீகளா?" ஸ்ரீவில்லிபுத்தூர் ஆள் என்றால், "இங்க வந்து ஏதும் மாத்திரை வாங்குனீகளா?" அவ்வளவுதான். புரியாதவன் முழிப்பான், அவன் சாப்பிடவில்லை என்று அர்த்தம். புரிந்தவன் கண்ணை மூடிக்கொள்வான். "எத்தன மணிக்கு?" என்று அடுத்த கேள்வி. விரலைக் காட்டுவார்கள்.

பதிலை யாரும் வாயால் சொல்லிக்கொள்ளக் கூடாது. கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் சிவப்பு மையில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் மாத்திரை சாப்பிட்ட மணி. வட்டம் இருந்தால் ஒரு முழு நாளுக்கு நாக்கு மாத்திரை கிடையாது. இந்த வட்டம் நான் சொன்ன யோசனை. டாக்டர் அதை ஏற்றுக்கொண்டதில் எனக்கு ரொம்பப் பெருமை. வாங்கி வந்த வெந்நீரை யாரும் குடித்ததில்லை. டீக்கடைக்காரர் நாங்கள் நெஞ்சுக்கு ஏதோ ஒத்தடம் கொடுக்கிறோம் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

பெரும்பாலும் கேட்டது நான்தான். பெண்ணிடம் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தோம், நேர்மாறாக இருந்தது. ஆண் டாக்டரிடம் வீம்பாக இல்லை என்றவர்கள் என்னிடம் சொன்னார்கள். மீசை வைத்த ஒரு பழைய பட்டாளத்துக்காரர், விரலைக் காட்டிவிட்டு, "சிஸ்டர், எம் பொஞ்சாதிக்குத் தெரிஞ்சா எம் மூஞ்சியப் பாக்க மாட்டா" என்று அழுதார். நான் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, "தெரியாது, நான் இருக்கேன்" என்றேன். வெந்நீரோடு வந்த அந்த அம்மாவிடம், "அம்புட்டுதான், அவருக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அனுப்பினேன். எத்தனை பெண்களை அப்படி வெந்நீர் வாங்க அனுப்பியிருப்பேனோ, கணக்கில்லை.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

நாற்பத்தேழு வயதில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். தையல் ஆறும்வரை இடிபடாமல் இருக்கட்டும் என்று அவர் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். தையல் ஆறியது. அவர் திரும்பி வரவில்லை. ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம். கூடத்தில் ஒரு கட்டிலே வந்துவிட்டது. முதுகுவலி என்றார், எனக்கு நைட் டூட்டி மாறி மாறி வருகிறது, தூக்கம் கெடும் என்றார். பஸ்ஸில் தோளில் சாய்வதும் நின்றுபோனது. நான் என்ன நினைத்தேன் என்றால், வயிற்றில் இருந்ததை எடுத்த பிறகு நான் அவருக்குப் பெண்ணாகத் தெரியவில்லை என்று நினைத்தேன். ஆசை விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். கண்ணாடி முன் நின்று அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டு அழுதிருக்கிறேன். கேட்கலாமா என்று நாலு வருஷத்தில் நாற்பது தடவை வாய் வரைக்கும் வந்திருக்கும். நாமாகப் போய்க் கேட்டால் என்ன நினைப்பார் என்ற வறட்டு ரோஷம். நானும் கேட்கவில்லை.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. மாதா மாதம் நான்தான் விரலில் குத்திப் பார்ப்பேன். மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ஐம்பத்து மூன்று வயது, சர்க்கரை, படுக்கை மாறிய ஆள். வேறொருத்தி தன் வீட்டுக்காரரைப் பற்றி என்னிடம் இந்த மூன்றையும் சொல்லியிருந்தால், "நாளைக்கே கூட்டிட்டு வாங்க, ஈ.சி.ஜி. எடுக்கணும்" என்று சொல்லியிருப்பேன். நூற்றுக்கு நூறு வாங்கக்கூடியவள் நான். என் வீட்டுக் கட்டிலைப் பார்த்து எனக்கு அந்தப் பாடம் ஞாபகத்துக்கே வரவில்லை.

ஒரு சனிக்கிழமை நைட் டூட்டி முடிந்து ஞாயிறு காலை வீட்டுக்கு வந்தேன். அவர் விடியும் முன்னே ஒரு ஜோலியாக வெளியே போயிருந்தார். மகளை மதுரையில் கட்டிக்கொடுத்துவிட்டோம், வீட்டில் வேறு யாருமில்லை. குளித்து, சோறு வடித்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். உச்சி வேளை இருக்கும். கட்டில் அசைந்தது. ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். குளித்து, தலை சீவி, பவுடர் போட்டிருந்தார். மத்தியானத்தில் எதற்கு இந்த மனுஷன் பவுடர் போடுகிறார் என்று அரைத் தூக்கத்தில் நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"லட்சுமி" என்றார்.

"அடுப்பு மேல சோறு இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க. நைட்டு ஆறு கேசு. கண்ணத் தெறக்க முடியல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் பாதத்தில் கை வைத்தார். "தூங்கு, தூங்கு" என்றார். எழுந்து பேனைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் எழுந்து வந்து பார்த்தால் பிரிட்ஜ் மேல் இலையில் மடித்துப் பிச்சிப்பூ இருந்தது. சாமி படத்துக்கு வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை எனக்குக் காலை டூட்டி. ஒன்பதரை மணிக்கு மில்லிலிருந்து ஆட்டோ வந்தது. உடன் வேலை பார்க்கிறவர்கள் இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்த ஆளைப் பார்த்தேன். முதலில் அந்தச் சட்டைதான் தெரிந்தது, நான் இஸ்திரி போட்ட சட்டை.

எப்படி ஈ.சி.ஜி. எடுத்தேன் என்று தெரியாது. கை தானாகச் செய்தது. தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பெரிய அடைப்பு. பழக்க தோஷத்தில் டிரேயைத் திறந்து நாக்கு மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன். பெரிய டாக்டர் வந்தார். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். என் கையில் இருந்த மாத்திரையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, எப்போதும் பேசுகிற அதே மெதுவான குரலில் சொன்னார்.

"சிஸ்டர், எதுத்தாப்ல போயி ஒரு தம்ளர் வெந்நி வாங்கிட்டு வாங்க."

ஒரு நொடி எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும், மாத்திரையை டிரேயில் வைத்துவிட்டுப் போனேன். போகாமல் என்ன செய்ய? நான் அனுப்பிய அத்தனை பேரும் போனார்கள். யூனிபாரத்தோடு ரோட்டைத் தாண்டி டீக்கடையில் நின்றேன். கடைக்காரர், "என்ன சிஸ்டர், இன்னிக்கு நீங்களே வந்துட்டீக?" என்றார். தம்ளரைப் பிடித்திருந்த கை சுட்டது. கேட்டிருப்பார், இந்நேரம் கேட்டு முடித்திருப்பார், இவர் முழித்திருப்பார், முழித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

திரை விலகியிருந்தது. மாத்திரை நான் வைத்த இடத்திலேயே அட்டைக்குள் இருந்தது. மற்ற மருந்தெல்லாம் கொடுத்தாகிவிட்டது. கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். மேல் மூலையில் சிவப்பு வட்டம். அதற்குள் பன்னிரண்டு.

ஒரு கணம் எனக்கு வந்தது கோபம்தான், மறைத்து என்ன. நாலு வருஷமாக என் பக்கம் திரும்பாத ஆள், யாருக்காக இதைச் சாப்பிட்டார்? நேற்றுப் பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தார்? இந்தக் கேள்வியை மனதுக்குள் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. நேற்றுப் பன்னிரண்டு மணிக்கு அவர் என் கட்டில் ஓரத்தில் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். வலி ஊசி போட்டிருந்ததால் கொஞ்சம் தெளிவாக இருந்தார். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் கண்ணைத் திறந்தார்.

"தாகமா இருக்கு. வெந்நி வாங்கிட்டு வந்தியே, குடுக்கவே இல்ல."

"இப்பக் குடிக்கக் கூடாது" என்றேன். உதட்டில் மட்டும் ஈரம் தொட்டு வைத்தேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார். "டாக்டர் ஒங்கிட்ட ஏதும் சொன்னாரா?"

இத்தனை வருஷமாக வெந்நீரோடு வந்த பெண்களிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். "ஒண்ணும் சொல்லல. என்னத்தச் சொல்லப் போறாரு?"

அவர் முகம் தெளிந்தது. என் விரலை ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் அப்போது நினைத்தேன். ஊருக்குப் போய் அவர் உடம்பு தேறட்டும், எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் மதுரையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

வீட்டில் அவர் கழற்றிப் போட்டிருந்த சட்டைப் பையில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. மிஷினில் அடித்துக் கொடுக்கிற சீட்டு. தென்காசி டூ ஸ்ரீவில்லிபுத்தூர், ஞாயிற்றுக்கிழமை. தென்காசியில் எங்களுக்குச் சொந்தமும் இல்லை, தெரிந்தவரும் இல்லை. அதுதான் அவர் அங்கே போகக் காரணம். ஊர் மாற்றி வாங்குவதற்கு அவருக்கு ஊர் இல்லை, செல்வி. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்க முடியாது, குடியிருக்கிற ஊர். ராஜபாளையத்தில் எந்த மருந்துக் கடைக்குப் போனாலும், "வாங்கண்ணே, லட்சுமி சிஸ்டர் வீட்டுக்காரரு" என்பார்கள். டாக்டரிடம் போகலாம் என்றால், அந்த டாக்டர் அறை வாசலில் நான் நிற்கிறேன். எல்லா ஆண்களுக்கும் ஒரு வழி இருந்தது. அவர் வழியை நான் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். போயிருந்தால் நாலு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு ஈ.சி.ஜி. எடுத்திருப்பார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிய டாக்டர் வந்திருந்தார். கிளம்பும்போது, "சிஸ்டர், கேக்கணும்னா கேளுங்க" என்றார். "வேண்டாம் சார்" என்றேன். அது வட்டத்துக்குள் போன விஷயம், நாமே போட்ட வட்டம் என்று அன்றைக்கு ஒரு வீறாப்பு. இப்போது டாக்டரும் இல்லை. அந்த இரண்டு நிமிஷத்தில் திரைக்குள் என் வீட்டுக்காரர் என்ன சொன்னார், என் பெயரைச் சொன்னாரா, எதைச் சொல்லி மணியைச் சொன்னார் என்று கேட்க ஆளில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கணினி அது பாட்டுக்கு நிற்கட்டும். வீட்டுக்காரம்மாவை வெந்நீர் வாங்க அனுப்பு. திரையை இழுத்துவிட்டு, ஊர் பெயரைச் சொல்லிக் கேள். ஆள் பிழைத்து எழுந்து உட்கார்ந்த பிறகு, வீட்டுக்குப் போகும் முன்னால், "அவுகளையும் உள்ள கூப்பிடட்டுமா, ரெண்டு பேரும் பேசிக்கிருவீகளா?" என்று அவரிடம் ஒரு தடவை கேள். மாட்டேன் என்றால் விட்டுவிடு. நாங்கள் அதைக் கேட்டதே இல்லை. நான் கேட்கவில்லை, யாரும் எனக்குக் கேட்டுக் கொடுக்கவுமில்லை.

எப்போதாவது நான் தென்காசிக்குப் போய் வருகிறேன். மகளுக்குத் தெரியாது. அங்கே இறங்கி ஒரு காப்பி குடிப்பேன், எந்தக் கடையாக இருக்கும் என்று இரண்டு தெரு நடப்பேன், திரும்பி பஸ் ஏறுவேன். வரும்போது மலை தெரிகிற இடது பக்க ஜன்னலில் உட்காருவேன், அவருக்கு அந்தப் பக்கம்தான் பிடிக்கும். புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, சேத்தூர் என்று வரும். மடியில் பிச்சிப்பூ, சட்டைப் பையில் அட்டை. சேத்தூர் தாண்டியதும் மில் ஆட்கள் யாரும் ஏறிவிடக் கூடாதே என்று பயந்திருப்பார். ராஜபாளையத்தில் எங்கள் ஆஸ்பத்திரி போர்டைப் பார்த்ததும் தலையைக் குனிந்திருப்பார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் பயமில்லாத ரோடு. அந்த அரை மணி நேரம் அவர் சந்தோஷமாக இருந்திருப்பார், எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். ஆசை இல்லாத ஆளுக்கு அந்த மாத்திரை வேலை செய்யாது, அதை வாங்க விடியும் முன்னே எழுந்து மூணு தாலுகா தாண்டி எவனும் போகவும் மாட்டான்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது மத்தியானம் ஆகிவிடும். பேனைப் போட்டுக்கொண்டு படுப்பேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை.